காட்டுக்குப் போன விளக்கு

மாட்டு வண்டியில் இராப் பிரயாணம் செய்தவர்களால் வண்டியின் அடியில் தொங்குகிற லாந்தரை மறக்க முடியாது. அச்சுக்குக் கீழே ஒரு கொக்கியில் அது ஆடிக்கொண்டே வரும். மாட்டின் கால்களும் சக்கரத்தின் ஆரக்கால்களும் சாலையோரத்துப் புளிய மரங்களின் மேல் பூதாகாரமான நிழல்களாக ஓடும். அந்த விளக்கு வழி காட்டியதா என்று கேட்டால், அப்படியொன்றும் பிரமாதமாகக் காட்டியதில்லை. மாட்டுக்கு வழி தெரியும். வண்டிக்காரன் தூங்கினாலும் அது வீடு போய்ச் சேரும். ஆனால் அந்த லாந்தரில் வேறு ஒரு சௌகரியம் உண்டு. ஆற்றங்கரையிலோ சத்திரத்து வாசலிலோ வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதே விளக்கைக் கழற்றி ஒரு மரக்கிளையில் மாட்டிக் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்து உட்காரலாம். வண்டி ஓடினாலும் எரியும், நின்றாலும் எரியும்.

மோட்டார் வண்டியில் மின்சார விளக்கு வந்தபோது இந்தச் சின்னச் சௌகரியம் தொலைந்து போயிற்று. பிறகு அது திரும்பி வந்த கதை சுவாரஸ்யமானது. தாமஸ் எடிசனும் ஹென்றி ஃபோர்டும் அதில் பாத்திரங்கள். ஒரு பெரிய கனவு பொய்த்துப் போனதும் அதில் இருக்கிறது. சில மனிதர்களின் உயிரும் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நான் இங்கே சொல்லப் போவது கற்பனை இல்லை, நடந்தது.

ஆரம்ப காலத்து மோட்டார்களில் இருந்தது கார்பைடு விளக்கு. திருவிழாக் கடைகளில் மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு எரியுமே, அதே ஜாதி. கல்லைப் போன்ற கால்சியம் கார்பைடின் மேல் துளித் துளியாகத் தண்ணீர் விட்டால் அசெட்டிலீன் வாயு பிறக்கும். வண்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் இந்தச் சமையல் நடக்கும். அங்கிருந்து குழாய் வழியாக வாயு முன் விளக்குகளுக்குப் போகும். பொழுது சாய்ந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீரைத் திறந்துவிட்டு, காற்றுக்கு மறைத்துக்கொண்டு நெருப்புக்குச்சி கிழிக்க வேண்டும். 1908-ஆம் வருஷம் அக்டோபரில் ஃபோர்டு விற்பனைக்கு அனுப்பிய பிரசித்தி பெற்ற மாடல் டி வண்டிக்கும் முன்னால் இந்த வாயு விளக்குதான். பக்கத்திலும் பின்னாலும் மண்ணெண்ணெய் விளக்குகள்.

1915-ல் ஃபோர்டு இந்தத் தொல்லையைத் தீர்த்தார். என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரத்திலேயே காந்தங்களைப் பொருத்தியிருந்தார்கள். பெட்ரோலைப் பற்றவைப்பதற்கான மின்பொறி அதிலிருந்துதான் வந்தது. அந்த மின்சாரத்தையே முன் விளக்குகளுக்கும் கொடுத்தார்கள். நெருப்புக்குச்சி ஒழிந்தது. ஆனால் புதிய சங்கடம் ஒன்று முளைத்தது. என்ஜின் வேகமாகச் சுழன்றால் விளக்கு பிரகாசமாக எரியும். மெதுவாகச் சுழன்றால் அழுது வடியும். மேடும் பள்ளமுமான சாலையில், வளைவில், பாலத்தில், எங்கெல்லாம் நிதானித்துப் போக வேண்டுமோ அங்கெல்லாம் வெளிச்சம் மங்கும். ஆபத்தான இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் துணைவனைப் போன்ற விளக்கு! பாதையைப் பார்ப்பதற்காகவே என்ஜினை வீணாக உறும விட்டவர்கள் உண்டு. என்ஜினை நிறுத்திவிட்டால் கேட்கவே வேண்டாம், ஒரே கும்மிருட்டு.

நிற்கிற வண்டியில் விளக்கு எரிய வேண்டுமானால், மின்சாரத்தைச் சேர்த்து வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குத்தான் பாட்டரி என்று பெயர்.

பாட்டரி அப்போது புதிதல்ல. மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய ஈயப் பாட்டரியை 1859-லேயே பிரான்ஸ் தேசத்து பிளான்ட்டே செய்து காட்டிவிட்டார். ஈயத் தகடுகள், கந்தகத் திராவகம். அதன் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கனம் அதிகம், திராவகம் சிந்தினால் துணியையும் இரும்பையும் அரித்துவிடும், சார்ஜ் இறங்கிய நிலையில் கவனிக்காமல் போட்டு வைத்தால் கெட்டுப் போகும். எடிசனுக்கு அந்தப் பாட்டரியின் மேல் அபிமானமே கிடையாது. ஈயமும் திராவகமும் இல்லாத ஒரு பாட்டரியைச் செய்ய வேண்டும், அதைக் கொண்டு ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் மின்சாரத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. 1901-ல் அதற்காகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்.

எடிசன் தேர்ந்தெடுத்தவை நிக்கலும் இரும்பும். திராவகத்துக்குப் பதில் பொட்டாசியக் காரக் கரைசல். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் பதில் எஃகுப் பெட்டி. ஆரவாரமான விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் புகார்களும் வந்தன. பெட்டிகள் கசிந்தன, சக்தி நாளுக்கு நாள் குறைந்தது. வேறொருவராக இருந்தால் சமாதானம் சொல்லி விற்றுக்கொண்டே இருந்திருப்பார். எடிசன் 1904-ன் கடைசியில் உற்பத்தியை நிறுத்திவிட்டு மறுபடியும் சோதனைச்சாலைக்குள் நுழைந்தார். வெளியே வர ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆயிற்று. 1909-ல் வந்த புதிய பாட்டரி உண்மையிலேயே உழைத்தது. தூக்கிப் போட்டாலும் தாங்கும்; அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தாலும் தாங்கும்; மாதக் கணக்கில் காலியாகப் போட்டு வைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பொறுமைசாலி.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. எடிசன் உள்ளே இருந்த அந்த ஐந்து வருஷத்தில்தான் மாடல் டி பிறந்தது. இதில் ஒரு விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1896-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நியூயார்க்கிற்கு அருகே ஒரு கடற்கரை ஹோட்டலில் எடிசன் மின்சாரக் கம்பெனிகளின் மகாநாடு நடந்தது. டெட்ராய்ட் கம்பெனியில் என்ஜினீயராக இருந்த ஃபோர்டு என்ற இளைஞர் பெட்ரோலில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்திருக்கிறார் என்று யாரோ எடிசனிடம் சொன்னார்கள். காது மந்தமான எடிசன் இளைஞரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கடைசியில் மேஜையைத் தட்டி, மின்சார வண்டி மின் நிலையத்தை விட்டு நகர முடியாது, நீராவி வண்டிக்குக் கொதிகலனும் நெருப்பும் வேண்டும், உம்முடைய வண்டியோ தன் சக்தியைத் தானே சுமந்துகொண்டு போகிறது, விடாதீர் என்று தைரியம் சொன்னார். அதுவரை தம்மை யாரும் அப்படி ஊக்கியதில்லை என்று ஃபோர்டு பின்னால் நினைவுகூர்ந்தார். எடிசன் வாழ்த்திய அந்தப் பெட்ரோல் வண்டிதான் எடிசனுடைய மின்சார வண்டியைத் தெருவை விட்டு விரட்டியது.

ஃபோர்டு நன்றி மறக்கிறவர் அல்ல. 1912-ல் எடிசனுக்குப் பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்து, மாடல் டி வண்டியைக் கிளப்புவதற்கு ஏற்ற பாட்டரி ஒன்று செய்து தரும்படி கேட்டுக்கொண்டார். அதே வருஷம் காடிலாக் வண்டிகளில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றித் தோள்பட்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அந்த வேலைக்கு எடிசன் பாட்டரி ஒத்து வரவில்லை. என்ஜினைக் கிளப்ப ஒரு நொடியில் மின்சாரத்தை வாரிக் கொட்ட வேண்டும். நிக்கல் இரும்புப் பாட்டரியால் அது முடியாது. திடீரென்று அதிகமாகக் கேட்டால் அதன் அழுத்தம் விழுந்துவிடும்; குளிரில் இன்னும் மோசம். எடிசனும் ஃபோர்டும் சேர்ந்து மலிவான மின்சார வண்டி விடப் போகிறார்கள் என்று 1914-ல் பத்திரிகைகள் எழுதின. அந்த வண்டி கடைசி வரை வரவே இல்லை.

அவசரத்துக்கு அள்ளிக் கொடுக்காத இந்தப் பாட்டரி, கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில், அலுக்காமல் கொடுக்கும். இந்தச் சுபாவம் வண்டி கிளப்ப உதவாது. விளக்கு எரிக்க உதவும்.

விளக்கும் அந்தச் சமயத்தில் தயாராக இருந்தது. பழைய கரி இழை பல்புகள் வண்டியின் குலுக்கலைத் தாங்க மாட்டா. 1910-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தைக் கம்பியாக இழுக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். அந்த இழை கொண்ட பல்பு கரடுமுரடான சாலையிலும் பிழைத்தது. குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சமும் தந்தது. பொறுமையான பாட்டரியும் உறுதியான பல்பும் சேர்ந்துவிட்டன. இனி வண்டி எங்கே போய் நின்றாலும் அங்கே ஒரு மின்சார விளக்கை ஏற்றலாம்.

அந்த வண்டி போய் நின்ற இடம் காடு.

எடிசன், ஃபோர்டு, டயர் வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்த ஹார்வி பயர்ஸ்டோன், இயற்கையைப் பற்றி எழுதிப் புகழ் பெற்ற ஜான் பரோஸ் ஆகிய நால்வரும் வருஷந்தோறும் கோடையில் கூடாரம் அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய கதை அமெரிக்காவில் பிரசித்தம். தங்களை நாடோடிகள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கோடீசுவரர்கள் நாடோடியாவதில் ஒரு தனி ருசி இருக்கும் போலிருக்கிறது. 1914-ல் எடிசன், ஃபோர்டு, பரோஸ் மூவரும் ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களுக்குப் போய் மழையில் நனைந்ததில் அது ஆரம்பமாயிற்று. 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் போயிருந்தபோது, அடுத்த வருஷம் முறையாகக் கூடாரப் பிரயாணம் போகலாம் என்று எடிசன் சொன்னார்.

அந்த அடுத்த வருஷம், 1916, எடிசனுக்கு நல்ல வருஷமாக ஆரம்பிக்கவில்லை. அவருடைய பாட்டரியை அமெரிக்கக் கடற்படை ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. ஈயப் பாட்டரியில் கடல் நீர் பட்டால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். எடிசன் பாட்டரியில் அந்த அபாயம் இல்லை. ஆகவே அதுவே மாலுமிகளின் உயிர் காக்கும் பாட்டரி என்று எடிசன் தரப்பார் நம்பினார்கள். ஆனால் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஜனவரி 15-ஆம் தேதி, புரூக்ளின் கடற்படைத் தளத்தில் நின்றிருந்த ஈ-2 என்ற அந்தக் கப்பலுக்குள் ஹைட்ரஜன் தேங்கி வெடித்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் சிலர் மாண்டார்கள், பலர் காயமடைந்தார்கள். உயிர் காக்கும் என்று சொல்லிக் கொடுத்த பொருள் உயிரைக் குடித்துவிட்டது. எடிசனுக்கு அப்போது 68 வயது.

அதே வருஷம் ஆகஸ்டு கடைசியில் எடிசன் கூடாரப் பிரயாணம் புறப்பட்டார். ஃபோர்டு அந்த முறை வரவில்லை. எடிசனும் பயர்ஸ்டோனும் கிளம்பி, வழியில் பரோஸை ஏற்றிக்கொண்டு, நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளுக்குப் போனார்கள். கூடாரச் சாமான்களை ஏற்பாடு செய்தவர் எடிசன். துணிக் கூடாரங்கள், கட்டில்கள், சமையல் பாத்திரங்கள் இவற்றோடு அவருடைய எஃகுப் பெட்டிப் பாட்டரிகளும் வண்டியில் ஏறின. பொழுது சாய்ந்ததும் அவற்றிலிருந்து கம்பி இழுத்துக் கூடாரங்களில் மின்சார பல்புகளை எரித்தார்கள்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் அமெரிக்காவில் பட்டணத்தைத் தாண்டினால் மின்சாரம் கிடையாது. பண்ணை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். மலை நடுவே, மனித வாசனையில்லாத ஓடைக் கரையில், வண்டியில் வந்த நாலு கூடாரங்களில் மட்டும் மின்சாரம்! பகலில் எடிசன் மரத்தடியில் படுத்துத் தூங்குவார், அல்லது படிப்பார். இரவில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து ரசாயனம் பேசுவார். முகம் மழிக்கக் கூடாது, மடிப்புக் கலையாத உடை கூடாது என்பது அவருடைய சட்டம். நடுவிலே ஒரு நாள் ஹோட்டலுக்குப் போய்க் குளித்து முகம் மழித்துக்கொண்டு வந்த பயர்ஸ்டோனை அவர் கேலி செய்து தீர்த்துவிட்டாராம். ஆனால் விளக்கு மட்டும் வேண்டும். சவரம் இல்லாமல் காட்டில் இருக்க எடிசனால் முடியும். மின்சாரம் இல்லாமல் முடியாது.

பரோஸுக்கு அப்போது 79 வயது. பறவைகளையும் மரங்களையும் எழுதி எழுதி வெண்தாடி வளர்த்தவர். மோட்டார் என்றாலே அவருக்கு முதலில் வெறுப்பு. இயற்கையின் மேல் மனிதனுக்குள்ள பிரியத்தையே அது கொன்றுவிடும் என்று எழுதினார். அவருடைய புத்தகங்களில் மனம் பறிகொடுத்த ஃபோர்டு, வாதம் செய்யவில்லை. ஒரு மாடல் டி வண்டியைப் பரிசாக அனுப்பிவிட்டார். கிழவர் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு நாள் தம் களஞ்சியத்தின் சுவரை உடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். அப்புறம் வண்டியோடு சிநேகமாகிவிட்டார். இந்தச் சிநேகம்தான் அவரைக் காட்டு மின்சாரத்தின் அடியிலும் கொண்டுவந்து உட்கார வைத்தது. மலைக் குளிரில் நடு இரவில் எழுந்திருக்க வேண்டிய அந்த வயதில், கைக்கெட்டும் விளக்கு ஓர் உபகாரமாகவே இருந்திருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

1917-ல் யுத்தம், பிரயாணம் இல்லை. 1918 ஆகஸ்டில் நால்வரும் சேர்ந்து பிட்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். பென்ஸில்வேனியாவில் கானல்ஸ்வில் என்ற ஊருக்கு அருகே ஒரு வண்டியின் விசிறி உடைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. பழுது பார்க்க முடியாது என்று மற்றவர்கள் கையை விரித்தபோது, ஃபோர்டு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தாமே உட்கார்ந்து சரி செய்தார். பரோஸ் இந்தப் பிரயாணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சந்தோஷமாக வர்ணிக்கிறார். அங்கிருந்து மேற்கு வர்ஜீனியா மலைகளுக்குள் போனார்கள். அந்த மாநிலத்தில் லெட்மைன் என்ற இடத்திலுள்ள ஒரு பழைய மாவு மில்லின் பெரிய நீர்ச் சக்கரத்தின் மேல் அவர்கள் ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் புத்தகந்தோறும் வருகிறது. எல்லோர் முகத்திலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகளின் குதூகலம்.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதில் இல்லாதவர்களின் ஞாபகம் வருகிறது. மேற்கு வர்ஜீனியா நிலக்கரி பூமி. நாடோடிகளின் வண்டிகள் போன மாநிலத்தில் தரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான மனிதர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே பகலிலும் இருட்டுத்தான். அந்த இருட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டு போனது தொப்பியில் மாட்டிய எண்ணெய்த் திரி விளக்கு, அல்லது கார்பைடு விளக்கு. இரண்டுமே திறந்த நெருப்பு. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு ஒரு மூலையில் தேங்கியிருந்தால், விளக்கு அதைத் தேடிக்கொண்டு போய்த் தொடும். வாயு பிடித்தால் கரித்தூள் பிடிக்கும். 1907 டிசம்பர் 6-ஆம் தேதி அதே மேற்கு வர்ஜீனியாவில் மோனங்கா என்ற ஊரின் சுரங்கங்களில் நேர்ந்த வெடி விபத்தில் 360-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் ஏராளம். அமெரிக்கச் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை. இப்படி அடுத்தடுத்து நேர்ந்த சாவுகளுக்குப் பிறகுதான் 1910-ல் அந்நாட்டு அரசாங்கம் சுரங்கங்களுக்கென்று ஓர் இலாகாவை ஏற்படுத்தியது.

எடிசன் இந்த இருட்டையும் மறக்கவில்லை. அவருடைய நிக்கல் இரும்புப் பாட்டரியைச் சிறிதாக்கி, சுரங்கத் தொழிலாளி இடுப்பு வாரில் கட்டிக்கொள்ளும்படி எஃகுப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி முதுகின் வழியாகத் தொப்பிக்கு ஏறும். தொப்பியில் சிறு பல்பு. வேலை முடிந்து மேலே வரும்வரை அது எரியும். கண்ணாடி உடைந்தால் மின்னோட்டம் தானாக அறுந்துவிடும். பெட்டிக்குப் பூட்டு உண்டு, உள்ளே யாரும் திறந்து பார்க்க முடியாது. 1915-ல் சுரங்க இலாகா இந்த விளக்குக்கு ஒப்புதல் கொடுத்தது. கூடாரத்தில் எரிந்த விளக்குக்கும் இதற்கும் ஜாதி ஒன்றுதான். அதே உலோகம், அதே காரம், அதே பொறுமை. ஒன்று மலைக்கு மேலே நட்சத்திரங்களுக்குப் போட்டியாக எரிந்தது. மற்றொன்று மலைக்குக் கீழே, நட்சத்திரமே தெரியாத இடத்தில் எரிந்தது.

நாம் மேலே எரிந்த விளக்கின் கதையையும் முடித்துவிடுவோம். யுத்தம் முடிந்ததும் 1919-லிருந்து நாடோடி வாழ்க்கையின் சௌகரியங்கள் வளர்ந்துகொண்டே போயின. பெட்ரோல் அடுப்பும் ஐஸ் பெட்டியும் பொருத்திய சமையல் வண்டி வந்தது. நடுப்பாகம் சுழலும் பெரிய வட்ட மேஜை வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே பதார்த்தங்கள் தம்மிடம் வரும். ஆளுக்கொரு கூடாரம், அதன் மேல் பெயர் எழுதியிருக்கும். ஃபோர்டின் ஜப்பானியச் சமையற்காரர் சாட்டோ, வண்டியோட்டிகள், எடுபிடிகள் எல்லோருமாக ஒரு சிறு கிராமமே நகர்ந்தது. கூடாரம் அடிப்பவர்களும் விளக்குக்குக் கம்பி இழுப்பவர்களும் நாடோடிகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது உத்தியோகம். ஃபோர்டு கம்பெனியின் சினிமாப் படம் பிடிப்பவர்களும் கூடவே வந்தார்கள். 1921 மார்ச் 29-ஆம் தேதி பரோஸ் கலிபோர்னியாவிலிருந்து வீடு திரும்பும் வழியில் ரயிலிலேயே காலமானார். அவ்வருஷம் ஜூலையில் மேரிலாந்தில் கூடாரம் அடித்தபோது, அவர் இருந்த இடத்தில் ஒரு பெரிய விருந்தாளி வந்து உட்கார்ந்தார். அவர் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங். வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். விறகு பிளப்பதைப் படம் பிடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் குறிப்பு எழுதினார்கள். எடிசன் வழக்கம்போல் மரத்தடியில் தூங்கினார்.

காட்டிலே விளக்கு எரிந்தால் முதலில் விட்டில் பூச்சிகள் வரும். பிறகு பக்கத்து ஊர் ஜனங்கள் வருவார்கள். பிறகு பத்திரிகைகள். ஒருவருஷத்துக்கு ஒருவருஷம் கூட்டம் பெருகியது. ஊரை விட்டு ஓடுவதற்காகக் காட்டுக்கு வந்தவர்கள், காட்டையே ஊராக்கிக்கொண்டதைக் கண்டார்கள். 1924-ல் கடைசிப் பிரயாணம். அதோடு நாடோடிகள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். நால்வரில் இருட்டைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தவர் பரோஸ் ஒருவர்தான். ஆந்தையின் குரலையும் ஓடையின் சத்தத்தையும் பகலில் கேட்பதற்கும் இருட்டில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடம் கேட்டிருக்கலாம். வெளிச்சம் வந்ததும் மனிதன் கண்ணை நம்ப ஆரம்பிக்கிறான், காது படுத்துவிடுகிறது. கூடாரத்தில் ஒரு பல்பை ஏற்றினால் கூடாரம் நன்றாகத் தெரியும். கூடாரத்துக்கு வெளியே இருப்பது முன்னைவிட அதிக இருட்டாகிவிடும். மின்சார விளக்கோடு காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அனுபவத்தில் காண்பது இது.

சுரங்க விளக்கில் இந்தத் தத்துவ விசாரமெல்லாம் எடுபடாது. அங்கே வெளிச்சம் அழகுக்கோ சௌகரியத்துக்கோ இல்லை. ஒரு மனிதன் மாலையில் வீடு திரும்புவதற்கு அது வேண்டும். அவ்வளவுதான். அவன் தொப்பி விளக்கோடு நிற்பதை ஜனாதிபதி பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. சினிமாப் படம் பிடிக்க ஆள் வரவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் நீர்ச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தவர்களின் பெயர்கள் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. அந்த மாநிலத்தில் திறந்த நெருப்பு விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு முதன்முதலாக இந்தப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியவன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எடிசன் பாட்டரி, தான் ஓட்டப் பிறந்த வண்டிகளைத் தெருவில் நிலைக்க வைக்க முடியாமலே ஆயுளைக் கழித்தது. ஆனால் அது வீணாகப் போகவில்லை. சுரங்கங்களிலும், ரயில்வே சிக்னல்களிலும், ரயில் பெட்டிகளுக்கு வெளிச்சம் தருவதிலும் பல பத்தாண்டுகள் உழைத்தது. ரயில் பெட்டி விளக்கின் சங்கதி நமக்கும் தெரிந்ததுதான். முன்பெல்லாம் நம் நாட்டு ரயில் பெட்டிகளின் அடியில் சக்கர அச்சோடு பெல்ட் போட்டுச் சுழலும் டைனமோ ஒன்றும், பெட்டி பெட்டியாகப் பாட்டரிகளும் தொங்கும். ரயில் ஓடும்போது டைனமோ பாட்டரியை நிரப்பும். நடுக்காட்டில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுவிட்டால், அந்தப் பாட்டரிதான் குழந்தை அழாமல் விளக்கை எரித்துக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது சேர்த்து வைத்து, நிற்கும்போது கொடுக்க வேண்டும் என்ற அதே சூத்திரம். வண்டியடி லாந்தர் மின்சாரத்தில் மறுபிறவி எடுத்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

எடிசன் 1931 அக்டோபர் 18-ல் காலமானார். பயர்ஸ்டோன் 1938-ல், ஃபோர்டு 1947-ல். எடிசனின் பாட்டரி வியாபாரத்தை 1972-ல் எக்ஸைட் கம்பெனி வாங்கி, 1975-ல் அந்தப் பாட்டரி செய்வதையே நிறுத்திவிட்டது. இப்போது லித்தியம் பாட்டரிகளின் காலம். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, அந்த நால்வரின் கூடாரங்களையும் ஒளி வெள்ளமாக்கக் கூடிய விளக்கு, அதை மாட்டுவதற்கு வண்டிக் கூரையிலேயே சட்டம். சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிற எவரும் எடிசனும் ஃபோர்டும் அனுபவித்ததைவிட அதிக வெளிச்சத்தோடு காட்டில் இரவைக் கழிக்கலாம். மின்சாரத்தில் ஓடும் வண்டியே தெருவுக்குத் திரும்பி வந்துவிட்டது. எடிசனுடைய கனவு பொய்த்தது என்று மேலே எழுதினேன். நூறு வருஷம் முந்திக்கொண்டது என்று எழுதினாலும் பிசகில்லை.

ஆனாலும் நிக்கல் இரும்புப் பெட்டி அடியோடு மறையவில்லை. மின் கம்பி எட்டாத இடங்களில் சூரிய வெளிச்சத்தை வாங்கிச் சேர்த்து வைத்து, இராத்திரி ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று விரும்புகிறவர்களில் சிலர் இன்றும் அந்த ஜாதிப் பாட்டரியைத் தேடி வாங்குகிறார்கள். கனம் அதிகம், மெதுவாகத்தான் கொடுக்கும், அடிக்கடி தண்ணீர் விட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தே வாங்குகிறார்கள். அவர்கள் யாரும் வண்டியைக் கிளப்பப் போவதில்லை. வீட்டில் ஒரு விளக்கு விடியும் வரை எரிந்தால் அவர்களுக்குப் போதும்.